எனக்கு முன்னால் ஓட்டியவர்

மார்ச் 4, செவ்வாய்

முட்டி வீங்கியிருக்கிறது. வேலையில் அடிபடவில்லை. சீட்.

காலையில் மருந்துக்கடைக்குப் பின்னால் நிற்கும் பொதுக்காரை எடுக்கப் போனேன். அங்கே இரண்டு கார் நிற்கும். சிவப்பை எப்போதும் யாராவது கொண்டுபோயிருப்பார்கள். எனக்கு வாய்ப்பது சாம்பல் நிறக் குட்டிதான். போனில் தட்டினால் கதவு திறக்கும், சாவி உள்ளே டப்பாவில் இருக்கும், வேலை முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்திப் பூட்டிவிட்டு நடையைக் கட்டலாம். அடுத்தவர் வந்து எடுத்துக்கொள்வார். கழுவ வேண்டாம், காற்றடிக்க வேண்டாம். இவ்வளவு ஒழுங்கான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. அதில் ஒரே ஒரு ஓட்டை, அந்த அடுத்தவர்.

அவசரமாகக் கதவைத் திறந்து உட்காரப் போனால் உட்கார இடமே இல்லை. எனக்கு முன்னால் ஓட்டியவர் சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்ட இழுத்து வைத்திருக்கிறார். முட்டி டமாரென்று இடித்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பின்சீட்டு மட்டும்தான் தெரிகிறது. ஓட்டி முடித்தால் சீட்டை நடுவில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்கிற அடிப்படை அறிவு வேண்டாமா? குட்டையார் என்று பெயர் வைத்துவிட்டேன்.

வீட்டில் மூச்சு விடவில்லை. விட்டால் அப்பா ஆரம்பிப்பார். விழித்திரையில் நீர் கோத்துப் பார்வை மங்கிவிட்டது, இனிமேல் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அவர் காரை விற்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றவன் நான். சும்மா நின்று துருப்பிடிக்கிற வண்டி எதற்கு, தேவைப்பட்டால் பொதுக்கார் எடுக்கலாம் என்று படம் போட்டெல்லாம் விளக்கினேன். அவர் அதற்கு வைத்த பெயர் 'ஊரார் கார்'. ஆகவே ஊரார் காரைப் பற்றி ஒரு குறையும் என் வாயிலிருந்து வரக் கூடாது. இங்கே எழுதிக்கொள்ளலாம்.

மார்ச் 6, வியாழன்

ஒரு குடியிருப்பில் லிஃப்ட் கதவு மூடுவதும் திறப்பதுமாக நாட்டியம் ஆடுகிறது என்று புகார். போய்ப் பார்த்தால் கதவோரத்துச் சென்சாரில் சூயிங்கம். நான் அதைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே கீழ்த்தளத்தில் ஒரு அம்மையார் பட்டனைப் படபடவென்று குத்திக்கொண்டிருந்தார். "ஒரு தடவை அமுக்கினா போதும்"னேன். "வரலையே"ன்னார். "நான் உள்ளே நிக்கிறேன், எப்படி வரும்?" கோபித்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார். உடம்புக்கு நல்லதுதான்.

மதியம் மேலாளர் கூப்பிட்டார். வேறு ஊரில் புதிதாக எழும்பும் கோபுரத்துக்கு லிஃப்டுகள் பொருத்தி ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டுமாம். ஒரு வருடம் அங்கேயே தங்க வேண்டும். காது அடைக்கிற வேகத்தில் ஏறும் வகை. படிக்கிற காலத்திலிருந்து படத்தில் மட்டுமே பார்த்தவை.

"தம்பி, மாசக் கடைசிக்குள்ள சொல்லிடு. உன்னைத்தான் முதல்ல கேக்கிறேன்" என்றார்.

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? அப்பாவுக்கு மாதாமாதம் கண்ணில் ஊசி. ஆஸ்பத்திரி ஊருக்கு அந்தக் கோடியில். யார் கூட்டிப்போவது? வாடகை வண்டியில் ஏறமாட்டார், வாந்தி வருமாம். அம்மாவிடம் லைசென்ஸ் உண்டு. தையல் மெஷின் இழுப்பறையில் பொத்தான்களோடு கிடக்கிறது. அப்பா கற்றுக்கொடுக்கப் போய் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். பிறகு நான் ஒரு தடவை முயன்றேன். பாதித் திருப்பத்தில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டேன். அம்மா இறங்கி வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். நான் காரைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கெஞ்சியபடி. அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் இன்றைக்குச் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

அப்பாவுக்கு ஊசி. முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்கத் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். அவர் பக்கம் பிரேக் கிடையாது, ஆனாலும் மிதிப்பார். "மஞ்சள் விழுந்துடுச்சு", "அவன் திரும்பப் போறான் பாரு". பார்வை குறைந்த மனிதருக்கு எனக்கு முன்னாலேயே எல்லாம் தெரிகிறது.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் நிறுத்த இடமே இல்லை. ஒரு சந்தில் நுழைத்து வளைத்து எடுத்தேன்.

"டேய், ஏதோ உரசிச்சு."

"டயர் சத்தம்பா."

"பின்னாடி. இந்தப் பக்கம். எனக்குக் கண்ணுதான் போச்சு, காது போகலை."

"வண்டியில ஏறினாலே உங்களுக்கு ஏதாவது கேக்கும். நேரமாச்சு, இறங்குங்க."

திரும்பும்போது கறுப்புக் கண்ணாடியோடு படத்து வில்லன் மாதிரி இருந்தார். சொன்னேன். அவருக்கு அதில் ரொம்பத் திருப்தி. வீட்டுக்கு வந்தால் அம்மா இல்லை. நூல் வாங்கப் போனாளாம். பிறகு வந்தவள் கன்னமெல்லாம் காற்றடித்துச் சிவந்து உற்சாகமாக இருந்தாள். இந்தப் பெண்மணி இவ்வளவு நூலை வைத்து என்னதான் தைக்கிறாள்?

மார்ச் 11, செவ்வாய்

குட்டையார் திரும்பவும். இந்த முறை கதவுப் பையில் ஆரஞ்சுத் தோல். ஒரே சுருளாக, அறாமல் உரித்து வைத்திருக்கிறார். கலைஞர்! கார் முழுக்க ஆரஞ்சு மணம். மணம் நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம். செயலியில் 'முந்தைய பயனர் பற்றி' என்று ஒரு இடம் இருக்கிறது. சீட், கண்ணாடி, தோல் மூன்றையும் படத்தோடு அனுப்பினேன்.

மார்ச் 13, வியாழன்

சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே டேப் வைத்து அளந்தேன். ஆராய்ச்சி முடிவு: ஆண். ஓய்வு பெற்றவர். தொப்பி போடுபவர். ஒண்டிக்கட்டை. பிறர் மேல் அக்கறை இல்லாதவர்.

மார்ச் 15, சனி

இது வரம்பு மீறல்.

பின்பக்கம் டயர் அருகே பேனா உருண்டு விழுந்தது. குனிந்து எடுக்கும்போது பார்க்கிறேன், பின் பம்பரின் இடது மூலையில் ஒரு கை நீளத்துக்குக் கீறல்! நல்ல ஆழம். கீறலுக்குள் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. இடித்தாயிற்று, சத்தமில்லாமல் பூட்டிவிட்டுப் போயாயிற்று. அடுத்தவன் தலையில் விழட்டும் என்று.

எடுப்பதற்கு முன் காரை ஒருமுறை சுற்றிப் பார்க்கச் சொல்லிச் செயலி ஒவ்வொரு தடவையும் கேட்கும். 'பார்த்தேன்' என்று தட்டிவிட்டுக் கிளம்புவேன். யாருக்கு நேரம் இருக்கிறது? இன்றைக்கு நல்லவேளை, பேனா விழுந்தது.

அங்கேயே நின்று எழுதினேன்: "முந்தைய பயனர் மஞ்சள் கம்பத்திலோ சுவரிலோ இடித்திருப்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. இவர் கார் ஓட்டவே லாயக்கில்லாதவர். இவருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவரை முதலில் பிடித்து விசாரிக்க வேண்டும்."

கடைசி வரி தேவையா என்று ஒரு கணம் தோன்றியது. தேவைதான்.

மார்ச் 18, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. "உங்கள் புகாருக்கு நன்றி. சம்பந்தப்பட்டவரின் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது."

உலகத்தில் ஒரு மூலையாவது சரியாக வேலை செய்கிறது. நாளெல்லாம் விசிலடித்துக்கொண்டே கயிறு மாற்றினேன். கூட வேலை செய்பவர் "என்ன, பொண்ணு பார்த்துட்டாங்களா?" என்றார். அதைவிடப் பெரிய விஷயம் என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

சீட் நான் விட்ட இடத்திலேயே இருந்தது. சொர்க்கம்.

மார்ச் 23, ஞாயிறு

அம்மாவுக்கு என்ன ஆயிற்று? கொஞ்ச நாளாகவே சரியில்லை. நூல் வாங்கப் போவதில்லை. மெஷினில் உட்காருகிறாள், ஓரம் அடிக்கிறாள், பிரிக்கிறாள், திரும்ப அடிக்கிறாள். திரைச்சீலை தைப்பதில் இந்தத் தெருவில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நேற்று ஒன்றைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். பூவெல்லாம் கீழே பார்க்கிறது.

"உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்னே ஏன் இப்படி இருக்கே?"

"எப்படி இருக்கேன்?"

இப்படிப் பேசினால் மனிதன் எதைக் கண்டுபிடிப்பது? மெஷின் என்றால் எந்த இடத்தில் சத்தம் என்றாவது காட்டும். அப்பாவும் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ ஏதாவது சொல்லி வச்சியா அவளை?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லையே.

மார்ச் 25, செவ்வாய்

எப்படி எழுதுவது?

கிரீஸ் துடைக்கப் பழந்துணி வேண்டும் என்று அம்மாவின் துணி அலமாரியைத் திறந்தேன். அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அடித்தட்டில், எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு திண்டு. அழுத்தினால் அமுங்காத நல்ல ஸ்பாஞ்சு. உறை எங்கள் பழைய சமையலறைத் திரைச்சீலைத் துணி. முன்பக்கம் சரிந்து மெலிந்து பின்பக்கம் தடித்து, இரண்டு பட்டை, நுனியில் கொக்கி.

நாற்காலிக்குக் கொக்கி எதற்கு? பட்டையை இழுத்துப் பார்த்தேன். கார் சீட்டின் தலைச்சாய்வுக் கம்பியைச் சுற்றி மாட்டுவதற்கு. வேறு எதற்கும் இல்லை. நானே வடிவமைத்திருந்தாலும் இதைவிட நன்றாகச் செய்திருக்க மாட்டேன்.

அப்புறம்தான் அந்த ஆரஞ்சுத் தோல் மண்டையில் விழுந்தது. அறாமல், ஒரே சுருளாக. என் பள்ளிக்கூட நாட்களில் டப்பாவுக்குள் அந்தச் சுருளை மறுபடி பழம் மாதிரியே மடித்து மூடி வைப்பாள். வாழ்நாளெல்லாம் பார்த்த தோல். படம் எடுத்து அனுப்பினேனே, ஐயோ, படம் எடுத்து அனுப்பினேனே!

ஆணாம். தொப்பியாம். ஒண்டிக்கட்டையாம்.

திண்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். துணி எடுக்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் 26, புதன்

சொல்லணும். எப்படிச் சொல்றது? 'அம்மா, உன்னை லாயக்கில்லைன்னு எழுதினது நான்தான், சாப்பாடு போடு'ன்னா? ஆனா ஒண்ணு — அவ இடிச்சது இடிச்சதுதானே? கீறல் பொய்யில்லையே? ஒரு மணி நேரம் இப்படி எனக்கே வாதாடினேன். ஜெயிக்கவும் செய்தேன். நிம்மதி வரவில்லை.

இன்று இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் பட்டன் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். முதல் முறை.

மார்ச் 27, வியாழன்

சாப்பிடும்போது கேட்டுவிட்டேன்.

"அம்மா, உன் கார் கணக்கை நிறுத்திட்டாங்களா?"

கரண்டி அப்படியே நின்றது. அப்பா, "என்ன கணக்கு? பேங்க்கா?" என்றார்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மறைத்துப் பயனில்லை என்று முடிவெடுத்த மாதிரி கரண்டியை வைத்தாள். ஒரு பயிற்சிப் பள்ளியில் ஒரு பெண்ணிடம் சேர்ந்து மறுபடி பழகினாளாம். அந்தப் பெண் கத்தவே மாட்டாளாம். பிறகு பொதுக்காரில் உறுப்பினராகி, நான் வேலைக்குப் போன பிறகு, அப்பா ரேடியோவோடு உட்கார்ந்த பிறகு, சாம்பல் குட்டியை, அது இல்லாத நாளில் சிவப்பை, எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"எங்கே?" என்றார் அப்பா.

"எங்கேயும் இல்லை. ஏரி வரைக்கும். நிறுத்திட்டு ஒரு ஆரஞ்சு உரிச்சுத் தின்னுட்டு, தண்ணியைப் பார்த்துட்டு வருவேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"ரிவர்ஸெல்லாம் எடுத்தியா?"

"எடுக்காம? கார் என்ன தானாத் திரும்பிக்குமா?"

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா ரெண்டு பேரும் கூட ஏறிடுவீங்க." என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப அதுவும் இல்லை. யாரோ எழுதியிருக்கான். போன் பண்ணிப் படிச்சே காமிச்சா கார் கம்பெனிப் பொண்ணு. கார் ஓட்டவே லாயக்கில்லாதவராம். எனக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவரைப் பிடிச்சு விசாரிக்கணுமாம்."

"வாங்கிக் கொடுத்தது நான்தானே?" என்றார் அப்பா. "என்னை எதுக்கு விசாரிக்கணும்? எவன் அவன்?"

"நான்தான்பா" என்றேன்.

சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. வாஷர் போயிருக்கிறது. மாற்ற வேண்டும்.

"நீயா?" என்றாள் அம்மா.

"நான்தான்மா. நீன்னு தெரியாது."

அடிப்பாள், அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று பார்த்தேன். அவளோ நாற்காலியில் சாய்ந்து, நெஞ்சில் கைவைத்து, பெரிய மூச்சாக விட்டாள்.

"அட, நீதானா! இத்தனை நாளா சாப்பாடு இறங்கலைடா எனக்கு. யாரோ முகம் தெரியாதவன், நம்ம மேல கோபமும் கிடையாது பாசமும் கிடையாது, பார்த்ததை வச்சு சொல்றான், அப்ப நிஜமாத்தான் இருக்கும்னு நினைச்சேன். நீன்னா சரி. நீ செய்தி வாசிக்கிறவளையே லாயக்கில்லைன்னு சொல்றவன்."

அப்பா சிரித்துப் புரையேறி, நான் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. திட்டியிருந்தால் தேவலை.

"சீட்டைப் பின்னாடி தள்ளி வைக்கணும்னு எங்கேடா போட்டிருக்கு?" என்று கேட்டாள். எங்கேயும் போடவில்லை. நானே போட்டுக்கொண்ட சட்டம். "தோல் ஒருநாள் மறந்துட்டேன், அது தப்புதான். ஆனா கீறல் என்னோடது இல்லை. நான் அன்னைக்கு எடுக்கும்போதே இருந்துச்சு. சுத்திப் பார்த்தேன். கம்பெனிக்குத் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று ஆரம்பித்தேன். வாய், என் வாய்!

அப்பா தண்ணீரைக் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "கீறல் எங்கே?"

"பின் பம்பர்ல. இடது மூலை."

"மஞ்சள் ஒட்டியிருக்கா?"

"…ஆமா."

"ஆஸ்பத்திரி அடித்தளத்துத் தூண் என்ன நிறம்டா?"

மார்ச் 28, வெள்ளி

வேலைக்குப் போகும் வழியில் பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேட்டதை மட்டும் வைத்து ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை நான். மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட தூண். பம்பர் உயரத்தில் சாம்பல் நிறம் தீற்றியிருக்கிறது. டேப் வைத்து அளந்தேன். பொருந்தியது. மிக நன்றாகப் பொருந்தியது.

அங்கேயே நின்று கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"அந்தக் கீறல் நான் போட்டது" என்றேன்.

"சார், முந்தைய பயனர் போட்டதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா. அவங்களுக்கு முந்தின பயனர் நான்."

"அப்ப உங்களைப் பத்தி நீங்களே புகார் கொடுக்கிறீங்களா?"

"ஆமா. நல்லா எழுதிக்குங்க. லாயக்கில்லாதவர்ங்கிறதையும் சேர்த்துக்குங்க."

"அதுக்குத் தனியா இடம் இல்லை சார்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அம்மாவின் கணக்கை உடனே திறந்துவிட்டார்கள். என்னுடையதை நிறுத்திவிட்டார்கள். சேதம் பற்றி விசாரித்து முடிக்கும்வரை ஓட்ட முடியாது. நியாயம்தான். நானே வாதாடி வாங்கிய தீர்ப்பு.

அப்புறம்தான் உறைத்தது: அடுத்த வாரம் அப்பாவுக்கு ஊசி.

மார்ச் 31, திங்கள்

மேலாளருக்கு இன்று பதில் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் ஒரு வாரம் கேட்டேன். "கல்யாணத்துக்குப் பொண்ணே இதைவிடச் சீக்கிரம் சம்மதிப்பா" என்றார். கொடுத்தார்.

வாஷர் மாற்றினேன். அம்மா நூல் வாங்கப் போனாள். 'நூல்' என்று சொல்லும்போது இப்போது மூவருமே சிரிக்கிறோம்.

ஏப்ரல் 5, சனி

எழுதவேண்டிய நாள்.

அம்மா காரைச் சுற்றி வந்தாள். மெதுவாக. குனிந்து டயரைப் பார்த்தாள், என் கீறலைப் பார்த்தாள், அதைத் தடவியும் பார்த்தாள். திண்டை மாட்டினாள். சீட்டை இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். நான் பின்சீட்டில் உட்கார்ந்து விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தேன். இந்நேரத்துக்கு நான் என்றால் பாதி தூரம் போயிருப்பேன் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. முதல் சாதனை.

அப்பா முன்சீட்டில். கிளம்பியதிலிருந்தே தரையை மிதித்தார். "சைக்கிள்." "தெரியுது." "இண்டிகேட்டர்." "போட்டாச்சு." "முன்னாடி போறவன் பிரேக் போடுவான்." "போடட்டும்." "கொஞ்சம் அந்தப் பக்கமா —"

அம்மா இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

"என்னங்க, பின்னாடி போய் உட்காருங்க."

"நான் சும்மாதானேம்மா வரேன்."

"உங்க கால் சும்மா இல்லை."

அப்பா இறங்கிப் பின்னால் வந்தார். இப்போது நிபுணர்கள் இருவரும் பின்சீட்டில், முட்டி மடக்கி, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி. வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் நான், "அம்மா, வலது பாதைல காலியா —" என்றேன்.

"இறக்கிவிட்டுடுவேன். உனக்கு வேற காரும் கிடையாது இப்போ."

அப்பா என் தொடையைத் தட்டி, வாயில் விரல் வைத்துக் காட்டினார். எனக்குப் புதினா மிட்டாய் ஒன்று கொடுத்தார். வாயை மூடி வைக்க அவர் கையாளும் வழி போலிருக்கிறது. இரண்டு பேரும் சப்பிக்கொண்டு வந்தோம்.

நன்றாக ஓட்டுகிறாளா? ரொம்ப மெதுவாக ஓட்டுகிறாள். பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். நானாக இருந்தால் ஒன்று பறந்திருப்பேன், இல்லை இறங்கியிருப்பேன். அம்மா, "அவருக்கு அவசரம் போல, பாவம்" என்று ஓரம் விட்டாள். அவ்வளவுதான். ஒரு திருப்பத்தில் வண்டி அணைந்துவிட்டது. அப்பாவும் நானும் மூச்சைப் பிடித்தோம். திரும்பக் கிளப்பினாள். உலகம் முடிந்துவிடவில்லை.

அடித்தளத்தில் தூணைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து, "இதுதானே உங்க தூண்?" என்றாள் சுற்றுலா வழிகாட்டி மாதிரி. தள்ளிப் போய், யாருமே நிறுத்தாத கோடியில் விசாலமாக நிறுத்தினாள். அவ்வளவு தூரம் நடக்கணுமா என்று கேட்க நினைத்தேன். மிட்டாயைக் கடித்தேன்.

திரும்பும்போது கேட்காமலே ஏரிப் பக்கம் திருப்பினாள். அவளுடைய இடம் ஒரு வளைவுக்கு அப்பால், இரண்டு மரத்துக்கு நடுவில், முன்கண்ணாடி முழுக்கத் தண்ணீர். என்ன இருக்கிறது அங்கே? ஒன்றும் இல்லை. வாத்துகள். ஒரு உடைந்த படகு. அம்மா மூன்று ஆரஞ்சு கொண்டுவந்திருந்தாள். தன்னுடையதை அறாமல் உரித்தாள். நானும் முயன்றேன். ஐந்தாறு துண்டாக வந்தது. "அவசரப்படறே" என்றாள். மெதுவாக உரிக்க முயன்றேன். அப்போதும் துண்டாகத்தான் வந்தது. எல்லாவற்றுக்கும் என் அவசரம் காரணமில்லை, குறித்துக்கொள்ளவும்.

வீட்டுக்கு வரும் வழியில் பக்கத்தில் சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குள் அப்பா தூங்கிவிட்டிருந்தார். வாய் திறந்து, தலை ஜன்னலில் சாய்ந்து. கால் இரண்டும் அசையாமல்.

நான் ஓட்டும்போது அவர் ஒரு நாளும் தூங்கியதில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

மேலாளரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். கோபுரம், வருடம், காது அடைக்கும் வேகம் எல்லாம். ஊசி குத்திவைத்த துணியை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"எப்ப கேட்டாங்க?"

"போன மாசம்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"அப்பாவை யார் கூட்டிட்டுப் போறதுன்னுதான்…"

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"நீயும் சொல்லியிருக்கலாமே?"

இருவருக்கும் சம மதிப்பெண். அப்பா உள்ளேயிருந்து, "போற இடத்துல ஊரார் கார் இருக்காடா?" என்று கத்தினார். இருக்கிறது என்றேன். "அப்ப அந்த ஊர்க்காரங்க பாவம்" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ரயில் நிலையத்துக்கு அம்மாதான் ஓட்டினாள். இந்த முறை அப்பாவுக்கு முன்சீட்டு திரும்பக் கிடைத்துவிட்டது. நன்னடத்தைக்காக. நான் பெட்டியோடு பின்னால். இறங்கும்போது அம்மா ஜன்னலை இறக்கி, "அங்கே போய் யாரைப் பத்தியும் எழுதாதே" என்றாள். பின்னால் ஒருவன் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தான். "வரேன்டா, அவருக்கு அவசரம்" என்று கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, மெதுவாக, மிக மெதுவாகப் போனாள். திருப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயிலுக்கு நேரம் இருந்தது.

மே 3, சனி

அப்பாவுக்கு ஊசி போட்டாயிற்றாம். போகும்போதே தூங்கிவிட்டாராம்.

மே 18, ஞாயிறு

என் கணக்கைத் திறந்துவிட்டார்கள். இந்த ஊரில் முதல் தடவை கார் எடுத்தேன். நீல நிறம். சுற்றிப் பார்த்தேன், முழுக்க, குனிந்தும். கதவைத் திறந்து மெத்தை வாங்கக் கடைக்குப் போகும் யோசனையிலேயே உட்கார்ந்தேன். முட்டி டமார்.

தேய்த்துக்கொண்டே சீட்டைத் தள்ளும்போது அம்மா போன்.

"டேய், இங்கே புதுசா ஒரு நெட்டையன் வந்திருக்கான். உன் இடத்துக்கு. சீட்டைக் கடைசி வரைக்கும் தள்ளிட்டுப் போயிடறான். எனக்குக் கால் எட்டவே மாட்டேங்குது. எழுதிப் போடட்டுமா அவனைப் பத்தி?"

"வேண்டாம்மா. யார் வீட்டுப் பிள்ளையோ."

"அதுவும் சரிதான்" என்றாள். "சரி வை, ஏரிக்குக் கிளம்பறேன். அப்பாவும் வரேன்னு நிக்கிறார்."

மெத்தை கிடைத்தது. காரைக் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கும்முன் சீட்டை முன்னால் இழுத்துவிட்டேன். கண்ணாடியைத் தொடவில்லை. அது அவரவர் கழுத்து.